ஒற்றைத் தும்மல்

மாசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் வீட்டுக்காரர் லாரி செட்டுக்குப் புறப்பட்டு, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி, காம்பவுண்டு கேட்டின் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினார். அந்நேரம் பார்த்து எட்டாம் நம்பர் வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு தும்மல் போட்டார்கள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றுவிட்டது. உள்பக்கம் இறக்கினால் இறங்கியது, வெளிப்பக்கம் இறக்கினால் இறங்கவில்லை. நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேச்சி, தடுக்குது."

"கெளம்பையில தும்முனா தடுக்காம என்ன செய்யும்? வந்து உக்காந்து ஒரு சொம்பு தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

அவர் வந்து உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்தபோது ஒன்றாம் நம்பர் வாத்தியார் தும்மினார். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது அவர் சம்சாரம் தும்மியது. அந்தம்மா ரேஷன் கடைக்குப் பையை எடுத்தபோது என் மூக்கிலேயே ஏதோ நமநமவென்று ஏறி, அடக்க அடக்க வந்து, நானே போட்டேன். பத்து மணிக்குப் பார்த்தால் பதினோரு வீட்டு ஆட்களும் பையும் குடையும் சாப்பாட்டு டப்பாவுமாக முற்றத்தில் நிற்கிறார்கள், ஒருத்தர் காலைத் தூக்கினால் இன்னொருத்தர் தும்முகிறார், தூக்கினவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. புறப்படும்போது தும்மினால் தடை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்தான். நாம் சொன்ன சொல் ஒருநாள் நம் காலையே பிடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஒன்று போட்டால் தடை, இரட்டையாகப் போட்டால் நல்லது என்றும் ஒரு கணக்கு உண்டுதான், ஆனால் அந்த வருஷம் எங்கள் ஆட்கள் எத்தனை போட்டாலும் கடைசியில் ஒற்றைப்படையிலேயே முடிந்தது.

எங்கள் காம்பவுண்டு வைகைக்கு வடகரையில், ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது; பதினோரு வீடு, ஒரு குழாய், ஒரு கேட். ஆற்றில் தண்ணீர் ஓடிய வருஷங்களைவிட ஓடாத வருஷங்கள் அதிகம் என்பதால் மணலெல்லாம் சீமைக்கருவேலம் முளைத்து, மாசி பிறந்தால் மஞ்சள் மஞ்சளாகப் புழுப்புழுவாய்ப் பூத்துத் தொங்கும். அதன் பூத்தூள் காற்றில் ஏறி வந்து கொடியில் காயும் துணியிலும், ஊற வைத்த அரிசியிலும், பிள்ளைகளின் மூக்கிலும் இறங்கும். வருஷா வருஷம் ஒரு மாதம் தும்மிவிட்டு நிறுத்துவோம். அந்த வருஷம் நிற்கவில்லை.

இதையெல்லாம் எங்களுக்குத் தெரியச் சொன்னது ஒன்பதாம் நம்பர் அரசி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி, செடிகொடிப் படிப்பில் பெரிய படிப்புப் படித்தவள், டவுனில் மூச்சிரைப்புக்கும் அலர்ஜிக்கும் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டருக்காக எங்கள் மொட்டைமாடியில் ஒரு கம்பி நட்டு, அதில் இரண்டு தகரத் தட்டு பொருத்தி, நடுவில் வாஸ்லின் தடவிய கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்திருந்தாள். காலையில் அந்தச் சில்லை இறக்கி, இளஞ்சிவப்பாக ஒரு மருந்தை அதில் விட்டு, பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்து, ஒட்டியிருக்கும் பூத்தூளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். எண்ணி முடித்ததும் டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, நாங்கள் கேட்டுக்கொண்டதற்காகக் குழாயடிச் சுவரில் தொங்கும் சிலேட்டிலும் அந்த எண்ணை எழுதுவாள். போன வருஷம் ஐம்பது அறுபதைத் தாண்டாத எண், அந்தச் செவ்வாய்க்கிழமை அறுநூற்றுப் பன்னிரண்டு.

அவளுக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. ஆறு வருஷம் பரீட்சை எழுதி, மூன்று தடவை நேர்காணலில் கழிக்கப்பட்டு, நாலாவது தடவை கிடைத்த வேலை. வடக்கே மலையடிவாரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம். மே மாதம் பதினாறாம் தேதிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவள் அம்மா தனபாக்கியம் அந்தக் காகிதத்தை எல்லா வீட்டுக்கும் எடுத்துப்போய்க் காட்டினாள். இருபது வருஷம் சத்துணவுக்கூடத்தில் சமைத்து, புருஷன் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். காட்டும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. காட்டிவிட்டுக் காகிதத்தை மடிக்கும்போது அது இல்லை. அதை அன்றைக்கே கவனித்தேன், சொல்லத்தான் இல்லை.

தடை நீடித்த முதல் வாரத்தில் எல்லா வழியும் பார்த்தோம். பின்சுவரில் ஏணி போட்டு ஏறினோம், சுவரின் அந்தப் பக்கம் கால் இறங்கவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து தெருவிலிருந்து பெரிய ஏணியை நீட்டினார்கள், மூன்றாம் நம்பர் கிழவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள், யாரோ தும்மினார்கள், கிழவர் அந்தரத்தில் எங்கள் எல்லையிலேயே நின்றார். டாக்டர் கேட்டுக்கு வெளியே நின்றபடி மாத்திரை கொடுத்தார். காம்பவுண்டே மூன்று நாள் மயங்கி மயங்கித் தூங்கியது, தூக்கத்திலும் தும்மியது. "மூக்குக்கு மாத்திரை இருக்குங்கம்மா, சகுனத்துக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கவுன்சிலர் விவரமான ஆள். தெருவில் நின்றே கும்பிட்டு, ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

உள்ளே வருவதற்குத் தடை இல்லை என்பதுதான் பெரிய வினையாகப் போனது. சிலிண்டர் போட வந்த மொக்கச்சாமி, விவரம் தெரியாமல் உருட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், காலி சிலிண்டரோடு திரும்பும்போது மாட்டிக்கொண்டார். நாலாம் நம்பர் வீட்டுக்குப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வந்த நாலு பேர், பஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். தும்மல் விழுந்தது, உட்கார்ந்தார்கள். மூன்று வாரம் அந்தப் பெண் கையாலேயே சாப்பிட்டுவிட்டு, லெட்டர் எதற்கு, இங்கேயே சொல்லிவிடுகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மாவே வாயைத் திறந்தாள். நாலாம் நம்பரில் கல்யாணம் நடந்தபோது ஐயர் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மந்திரம் சொன்னார்.

வெளியே உள்ள ஊரும் எங்களுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பால் பாக்கெட் கேட்டுக்கு மேலே கை மாறியது. கீரைக்காரி கூடையைக் கயிற்றில் கட்டிச் சுவர்மேல் இறக்கினாள். வாத்தியாருடைய வகுப்புப் பிள்ளைகள் தெருவில் வரிசையாக உட்கார, வாத்தியார் உள்ளே ஸ்டூலில் ஏறி நின்று பாடம் நடத்தினார். யாரோ ஒருத்தர் கேட் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போக, அதைப் பார்த்துப் பிள்ளை வரம் கேட்டும், மருமகள் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று கேட்டும் கயிறு கட்ட வந்தார்கள். தடைக்குத் தடை நாங்கள் குடித்த தண்ணீருக்கே மாநகராட்சி வாரத்துக்கு இரண்டு லாரி கூடுதலாக அனுப்பியது.

பங்குனியில் அரசி டிக்கெட் எடுத்தாள். தேதி நெருங்கும்வரை காத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று முன்கூட்டியே போய்விடப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் கூடிப் பேசினோம், அவளை எப்படியாவது அனுப்பிவிடுவது என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எங்கள் மனசில் கள்ளம் இல்லை. அவள் வீட்டுப் படியிலிருந்து கேட்டுக்கு முப்பத்திரண்டு எட்டு. அந்த முப்பத்திரண்டு எட்டு நேரம் ஐம்பத்தொரு பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கைப்பிள்ளைகள் மூக்கைத் தாய்மார் பிடித்தார்கள், மூன்றாம் நம்பர் கிழவர் மூக்கை அவர் பேரன் துணியால் பொத்தினான். அரசி பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். பத்து, பதினைந்து, இருபது. என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முப்பதாவது எட்டில் மொக்கச்சாமி தும்மினார்.

"ஆத்தா, மன்னிச்சிரு ஆத்தா, கைய மீறிருச்சு" என்று அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"விடுங்கண்ணே, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" என்று சொல்லிவிட்டு அரசி திரும்பி வந்தாள். அவள் அம்மா சொம்புத் தண்ணீரோடு படியில் தயாராக நின்றாள். அரசி உட்கார்ந்து குடித்தாள். அதற்குப் பிறகு தினமும் நாலு தடவை, ஐந்து தடவை, காலையில் சில்லை எண்ணிவிட்டு ஒருமுறை, வெயில் ஏறினபிறகு ஒருமுறை, சாயங்காலம் காற்று அடங்கியதும் ஒருமுறை என்று பெட்டியை எடுப்பதும், தும்மல் விழுவதும், திரும்பி வந்து தண்ணீர் குடிப்பதுமாக இருந்தாள். பெட்டியின் ஒரு சக்கரம் தேய்ந்து கோணலாகிவிட்டது. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "பேச்சிக்கா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அலர்ஜியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எங்களுக்கு என்ன ஆயிற்று என்றால், பழகிவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், எங்கள் தடையும் அப்படித்தான் ஆறிப் பழசாகிப் போனது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷம் லாரிக்காரன் பெண்டாட்டியாக இருந்தவள். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதிலும் மூன்று நாள் தூங்குவார். அந்த மூன்று மாதத்தில்தான் அவருக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டேன். என் சின்ன மகள் அவர் மடியில் உட்காரப் பழகினாள். பத்தாம் நம்பர் வீட்டுக்காரன் கடைக்குப் போக வழியில்லாமல் குடியை மறந்து, பெண்டாட்டிக்கு மாவாட்டிக் கொடுத்தான். இரண்டாம் நம்பரில் பிரிந்து போவதாக இருந்த அண்ணன் தம்பி, போக முடியாததால் பேசத் தொடங்கினார்கள். வெளியே என்ன இருக்கிறது, வெயிலும் டிராபிக்கும்தானே என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். காலையில் எழுந்ததும் பையைத் தூக்கிக் கேட்டுவரை போய், ஒரு தும்மல் கேட்டதும் திரும்பி வந்து உட்காருவதுகூடக் கோலம் போடுகிற மாதிரி அன்றாட வேலையாகிவிட்டது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவது எங்கள் வீட்டிலிருந்து இருநூறு எட்டில். நாங்கள் மொட்டைமாடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, சனக்கடலுக்கு மேலே தெரிந்த குடையின் நுனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். திருவிழாவுக்காக ஆற்றுக்குள் ஜேசிபி விட்டுக் கருவேலத்தை எல்லாம் வேரோடு வழித்திருந்தார்கள். அணையிலிருந்து தண்ணீரும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சிலேட்டில் எண் இறங்கத் தொடங்கியது. முந்நூறு, நூற்று எழுபது, தொண்ணூறு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் அந்த எண்ணைப் படிப்போம், படித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போவோம். முன்பெல்லாம் எண் குறைந்தால் கைதட்டியவர்கள் நாங்கள்.

ஒரு நாள் அவள் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டுப் போனாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கீழே கிடந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் ஒரு சுழி போட்டேன். முந்நூற்று எண்பது. ஏன் செய்தேன் என்று கேட்டால், வீட்டுக்குள் அவர் என் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார், அதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் அரசி வந்து சிலேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் பதினாறாந்தேதிக்குள்ள போகணும்க்கா."

"போவத்தா, ஒன்ன யாரு போகவேணாம்னது?" என்றேன். அவள் முந்தானையால் அந்தச் சுழியை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மே பதினொன்றும் பன்னிரண்டும் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பதின்மூன்றாம் தேதி காலையில் வானம் கழுவி வைத்த வட்டில் போல இருந்தது. அரசி சில்லை இறக்கினாள். அன்றைக்கு அவள் எண்ணிய நேரம் அதிகம். இல்லாததை எண்ணினால் அப்படித்தான் ஆகும்போல. பிறகு குழாயடிக்கு வந்து, பழைய எண்ணை நன்றாகத் துடைத்து, சிலேட்டு முழுக்கப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவளுக்கு ரயில். அதை விட்டால் பதினாறுக்குள் போய்ச் சேர வேறு வண்டி இல்லை. காம்பவுண்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

பூஜ்யத்தைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியாது. இருந்தால் ஊர் என்ன சொல்லும்? பதினோரு வீட்டிலும் குளித்தார்கள், துவைத்த துணி உடுத்தினார்கள். மொக்கச்சாமி மூன்று மாதமாக மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். விருதுநகர்ச் சம்பந்திகள் மூட்டை கட்டினார்கள். வாத்தியார் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரர் தூக்குவாளியை எடுத்தார், அதில் நான் சோறும் பாகற்காயும் வைத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு முற்றத்தில் எல்லோரும் நின்றோம். யாரும் தும்மவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக எங்கள் காம்பவுண்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. ஆனாலும் யாரும் காலைத் தூக்கவில்லை. நீங்க முதல்ல போங்க, இல்லை நீங்க போங்க என்று மரியாதை கொடுத்துக்கொண்டு நின்றோம்.

அரசிதான் நடந்தாள். கோணல் சக்கரப் பெட்டி தடதடவென்று அவள் பின்னால் வந்தது. பாதியில் நின்று திரும்பி, வீட்டுப் படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, போயிட்டு வாரேன்."

அரசி மிச்ச தூரத்தையும் நடந்து கேட்டைத் திறந்து காலைத் தூக்கியபோது, தனபாக்கியம் தும்மினாள்.

இருபது வருஷம் மிளகாய் வற்றல் வறுத்த புகையில் நின்றவள். அந்த மூன்று மாதமும் நாங்கள் ஐம்பது பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தபோது ஒரே ஒருதடவைகூடத் தும்மாதவள். அவளுக்குத் தும்மத் தெரியவில்லை. வாயைத் திறந்து, "அச்சு" என்று, படிப்பது போலச் சொன்னாள். மூக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் தூணைப் பார்த்து நின்றாள். சிலேட்டில் பூஜ்யம் அத்தனை பெரிதாக இருந்தது. அவள் கெட்டிக்காரி, பொய் சொல்லி அறியாதவள், சுயமரியாதைக்காரி. புருஷன் செத்தபோதுகூட யாரிடமும் ஒரு படி அரிசி கேட்டதில்லை. ஐம்பது பேர் முன்னால் அவள் அப்படி நின்றதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் வாத்தியார் உட்கார்ந்தார். தன் வீட்டுப் படியில் மெதுவாக உட்கார்ந்து, "தடையாகிப் போச்சு, தண்ணி கொண்டாம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு மொக்கச்சாமி தன் காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்தார். சம்பந்திகள் மூட்டையை இறக்கினார்கள். பத்தாம் நம்பர், இரண்டாம் நம்பர், எட்டாம் நம்பர், ஒவ்வொரு வீடாக உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"பேச்சி, அது நெசத் தும்மல் இல்லையே" என்று என் காதில் சொன்னார்.

"உக்காருங்கங்கிறேன்."

"அந்தப் பிள்ளைக்கு ரயிலு…"

"உக்காருங்க. ஒரு பொம்பளைய நாலு பேரு முன்னாடி பொய்க்காரியாக்கப் போறீகளா?" என்று அவர் தோளை அழுத்தினேன். உட்கார்ந்தார். மரியாதைக்காகத்தான் அழுத்தினேன் என்று அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். தூக்குவாளி என் பக்கம் திரும்பி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது எனக்குத் தெரியும். பதினோரு வீட்டிலிருந்தும் சொம்புகள் வந்தன. ஐம்பது பேரும் குனிந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கினோம்.

கேட்டில் அரசி ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு அந்தக் காலை வெளிப்பக்கம் இறக்கினாள். இறங்கிவிட்டது. எந்தத் தடையும் இல்லாமல், சாதாரணமாக, எந்த ஊரிலும் எந்தக் கேட்டிலும் ஒரு கால் இறங்குவது போல இறங்கியது. அதை நான் சொம்பின் விளிம்புக்கு மேலே அரைக்கண்ணால் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டேன். பார்த்தேன் என்று ஒத்துக்கொண்டால் நாங்கள் எல்லோரும் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று கேள்வி வரும். அதனால் யாரும் பார்க்கவில்லை. ஐம்பது பேரில் ஒருத்தர்கூட அவளைப் பார்த்து, போயிட்டு வா என்று சொல்லவில்லை.

"அக்கா" என்று கூப்பிட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். "வாத்தியாரய்யா" என்றாள். அவரும் குடித்தார்.

தனபாக்கியம் சொம்பை எடுத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, சொம்பை அந்த வெற்றிடத்துக்கு முன்னால் வைத்தாள்.

"தண்ணியக் குடிடி" என்றாள் அந்த இடத்தைப் பார்த்து. "தடுத்தது நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க. மத்தியானத்துக்குப் புளிக்கொழம்பு வைக்கவா? நல்லவேள, நீ போகல."

கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டியின் கைப்பிடியை அவள் விட்டுவிட்டு மறுபடி பிடித்தது போல ஒரு சின்ன ஓசை கேட்டது.

"ஆமாம்மா" என்றாள் அரசி தெருவிலிருந்து. குரல் உடைந்து, ஆனால் முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "போகல. இங்கதான் இருக்கேன்."

பிறகு கோணல் சக்கரம் உருண்டது. எங்கள் சுவரை ஒட்டிப் போய், கீரைக்காரி நிற்கும் இடத்தைத் தாண்டி, தெருமுனை திரும்பும்வரை கேட்டது. நாங்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை. சொம்புகளில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது, ஆனாலும் குடித்துக்கொண்டேயிருந்தோம்.